பேச்சு என்று குறித்த கிளிப்

8.9, திங்கள்

புழுக்கம். நாலு நாளாக மழை போக்குக் காட்டுகிறது, சொட்டு இல்லை. மாவு அரைக்கணும். கேஸ் பதியணும். மோட்டார் ரிப்பேர் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் மறுபடி சொல்லணும். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

கறம்பக்குடியிலிருந்து சின்னம்மா போன். மாடு, பம்புசெட், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் முடிந்து ஒரு கேள்வி. “நீ அங்கிட்டு என்ன வேலைதான்டி பாக்குற?” மூன்று வருஷமாகச் சொல்கிறேன். இன்றைக்கும் சொன்னேன். கழுத்தில் ஸ்கேன் வைத்தால் ரத்தக்குழாய் தெரியும். கறுப்பாக ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கரை. கரைதான் குழாயின் சுவர். அது தடித்தால் பின்னால் பக்கவாதம், மாரடைப்பு வரலாம். அந்தத் தடிமனைக் கம்ப்யூட்டரே கோடு போட்டு அளக்க நாங்கள் பழக்குகிறோம். முதலில் நான் கையால் கோடு போடுவேன், அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். கோடு போடவா சம்பளம் கொடுக்கிறார்கள் என்றாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் காலேஜில் புரொஃபசர் சார் கூப்பிட்டார். டிபார்ட்மென்ட் சர்வர் நிரம்பிவிட்டதாம். ஸ்கேன் எடுத்தவர்களுக்கெல்லாம் மறு ஸ்கேன் தொடங்கப் போகிறது, இடம் வேண்டும். வேஸ்ட் ஃபோல்டரைச் சனிக்கிழமைக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்றார். சரி சார் என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது இந்தச் சரி சார்.

வேஸ்ட் என்றால்: படுத்திருக்கிற ஆள் பேசினாலோ, அசைந்தாலோ, எச்சில் விழுங்கினாலோ சுவர் நிலையாக நிற்காது. கோடு போட முடியாது. அந்தக் கிளிப்பை ‘பேச்சு’, ‘அசைவு’, ‘விழுங்கல்’ என்று காரணம் குறித்து ஒதுக்கி வைப்போம்.

அதில் செ. இருக்கிறார். என் வீட்டுக்காரர். தை மாசம், அறந்தாங்கி ரோடு, மீன் வண்டி, நின்ற லாரி. இதற்கு மேல் அந்த வரி எனக்கு வராது.

எங்கள் ஆராய்ச்சிக்கு முதலில் கழுத்தைக் கொடுத்தவர் அவர்தான். நம்பர் என்-1. என் என்றால் நார்மல். சாருக்கு ஆள் கிடைக்கவில்லை, நான் கூப்பிட்டேன், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து படுத்தார். இரண்டு கிளிப். ஒன்று நல்லது, கோடு போடப் பழகுகிற கம்ப்யூட்டர் மாடலுக்குக் கொடுத்தாயிற்று. அது பத்திரம். இன்னொன்றில் பேசிவிட்டார். நான்தான் ‘பேச்சு’ என்று குறித்து வேஸ்டில் போட்டேன்.

கேஸ் பதிய மறந்துவிட்டேன்.


9.9, செவ்வாய்

வெயில். பஸ்ஸில் நின்றபடி.

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது. எழுதினாலும் வராது.

நிவேதா, புதிதாகச் சேர்ந்த பெண், மறு ஸ்கேனுக்கு ஆட்களைக் கூப்பிட உட்கார்ந்தாள். அவள் மேஜை எனக்குப் பின்னால். முதல் நம்பர் போட்டாள். என் பையில் மணி அடித்தது.

செ.யின் போன். நான்தான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டுமாவடி மீன் ஏலக்காரர்கள், டீசல் பங்க், எப்போதாவது யாராவது கூப்பிடுவார்கள் என்று சாக்கு. உண்மையில் சாக்கு எல்லாம் வேண்டியதில்லை, வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். கட் பண்ணியிருக்கலாம். எடுத்தேன்.

“வணக்கங்க, செல்வம் சாருங்களா?”

“அவரு இல்லைங்க.”

“எப்ப வருவாங்க மேடம்?”

கதவுக்கு அந்தப் பக்கமும் அதே குரல், காதிலும் அதே குரல். அவளுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. பெயரும் நம்பரும்தானே கொடுத்தோம்.

கட்டிக்கொண்டு அழுதது அவள்தான். நான் தட்டிக் கொடுத்தேன். பிறகு கேண்டீனில் டீ. பஜ்ஜி எண்ணெய் வாடை. என்-1 பக்கத்தில் என்ன போடட்டும் அக்கா என்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டாள். ‘வரமாட்டார்’ என்று போடு என்றேன்.


10.9, புதன்

தலைவலி. இட்லி இரண்டு. மதியம் ஒன்றும் இல்லை.

வேஸ்ட் காலி பண்ணத் தொடங்கினேன். ‘அசைவு’ முழுக்கப் போயாச்சு. ‘விழுங்கல்’ போயாச்சு. ‘பேச்சு’ பக்கம் போகாமல் தண்ணி குடிக்கப் போனேன், பாத்ரூம் போனேன், நிவேதாவின் வளையல் நன்றாக இருக்கிறது என்றேன். அப்புறம் வேறு வழியில்லை.

ஓட விட்டேன். படம் மட்டும்தான், சத்தம் பதிவாகாது. வாய்க்கால், கரை. துடிப்புக்குத் துடிப்பு கரை லேசாக ஏறி இறங்குகிறது. அது அவர் இதயம் தள்ளுகிற தள்ளு. அப்புறம் திடீரென்று எல்லாம் மேலே துள்ளுகிறது, சுவர் காணோம், திரும்ப வருகிறது, மறுபடி துள்ளுகிறது. மறுபடியும்.

மாடலை அதன் மேல் ஓட்டிப் பார்த்தேன். சுவர் இருக்கிற வரை ஒட்டிக்கொண்டு அழகாகப் போகிறது கோடு. சுவர் காணாமல் போனதும் நின்றால் என்ன? நிற்காது. எதிரில் கிடைத்த தசையைச் சுவர் என்று நினைத்து அதன் மேல் கோடு போடுகிறது. சாருக்கு இதுதான் பெரிய தலைவலி. தெரியவில்லை என்று சொல்லவே அதற்குத் தெரியவில்லை என்பார்.

நல்ல கிளிப்பையும் பார்த்தேன். அதில் யாரோ ஒரு ஆரோக்கியமான ஆள் படுத்திருக்கிறார். சுவர் மெலிசு, பள்ளிக்கூடப் பையன் கழுத்து மாதிரி. சார் அன்றைக்கே உங்க வீட்டுக்காரருக்கு நூறு வயசு என்றார். செ. என்று தெரிவது அந்தக் கெட்ட கிளிப்பில்தான்.

என்ன பேசினார்? இதைத்தான் தை மாசத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டு என்ன ஆகப் போகிறது. ஆனாலும்.

இங்கே ஒளித்து எழுதி என்ன லாபம். அந்த ஸ்கேனுக்கு முந்தின வாரம்தான் எங்கள் பிள்ளை போனது. ஐந்தாம் மாசம். வயிற்றில் ஸ்கேனை வைத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டார். இரைச்சல்தான் வந்தது, துடிப்பு வரவில்லை. செ. என் தலைமாட்டில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் “விடு, பாத்துக்கலாம்” என்றார். அவ்வளவுதான். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அவர் லோடு எடுக்கக் கட்டுமாவடிக்குப் போய்விட்டார். ஐஸில் போட்ட மீன் காத்திருக்காதாம்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் ஸ்கேன் ரூமில் வந்து படுத்துக்கொண்டு பேச்சு. வலது பக்கம் பார்க்கணும் என்றால் முகத்தை இடது பக்கம் திருப்பச் சொல்வோம். எனக்குத் தெரிந்தது கழுத்தும் திரையும்தான். முதலில் ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கூட்டி வைத்துக் குழாய் இருக்கிற இடத்தைப் பிடித்தேன், அதை நிறுத்திப் பதிவு போட்டேன். திரை துள்ளியது. ஏசி இரைச்சலில் பேச்சு காதில் விழவில்லை. எப்போதும் போல ஏதாவது கிண்டலாக இருக்கும். கழுத்தில் கெண்டை ஓடுது என்பார், கூசுது என்பார். அந்த வாரத்தில் கூட இந்த மனுஷனுக்கு விளையாட்டு வருகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பேசாதீங்க” என்று அதட்டினேன்.

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. செத்தவர் மேல் கோபம் வைத்திருப்பது எவ்வளவு அசிங்கம். கருமாதிக்கு எல்லாரும் கூடியிருந்த வீட்டில், அடுப்படியில் வைத்து அத்தையிடம் வாயை விட்டேன். “ஒங்க மகன் எம்பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலத்தே.” அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போனார். இப்போதும் போன் பண்ணுகிறார், சாப்பிட்டாயா என்கிறார், நானும் கேட்கிறேன். இரண்டு பேரும் அதைத் தொடாமல் பேசக் கற்றுக்கொண்டோம்.

பென் டிரைவில் எடுக்க வழியில்லை, அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனாலும் போனில் திரையைப் படம் பிடித்தேன். பட்டை பட்டையாக வந்தது. அழித்துவிட்டேன்.


11.9, வியாழன்

கடைசியில் மழை. மூன்று மணிக்கு, நல்ல இடியோடு. வடாம் நனைந்தது, போகட்டும்.

இன்றைக்குச் செய்தது பைத்தியக்காரத்தனம். தெரிந்தே செய்தேன்.

டவுனில் எங்களுக்கு ஸ்கேன் ரூம் கொடுத்திருக்கிற சென்டருக்குப் போனேன். டாக்டர் சாப்பிடப் போகிற நேரம். பாக்கியம் அக்கா மட்டும் இருந்தார். ஜெல் தடவ, துடைக்க, ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க, எல்லாம் அவர்தான். செ. படுத்த அன்றைக்கும் கூட இருந்தவர். மிஷினைக் கொஞ்சம் சோதிக்கணும் அக்கா என்றேன். மழை பிடிப்பதற்குள் துணியை எடுக்கணும் என்று மாடிக்குப் போய்விட்டார்.

படுத்தேன். என் கழுத்தில் நானே ஜெல். ஸ்கேன் ப்ரோபை வலது கையில் பிடித்து, முகத்தை இடது பக்கம் திருப்பி. அப்படித் திரும்பினால் திரை தெரியாது, எதிரே பச்சை பெயின்ட் அடித்த சுவர்தான். பதிவு போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கூசுது.
கெண்டை ஓடுது பாரு.
ஐஸ் உருகுது, சீக்கிரம் விடு.
சாப்பிட்டியா.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். அவர் கிளிப்பில் துள்ளுகிற மாதிரி எது துள்ளுகிறதோ அதுதான் அவர் சொன்னது. சார் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன், சிரிப்பு வந்தது. எம்.ஈ. படித்த பொம்பிளை கழுத்தை வைத்துக் குறி பார்க்கிறாள்.

கடைசியாக ‘விடு, பாத்துக்கலாம்’ சொல்லிப் பார்க்கலாம் என்று பதிவை அழுத்தினேன். வாய் வரவில்லை. அப்படியே கிடந்தேன். பச்சைச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து துடைத்துக்கொண்டேன்.

பதிவை நிறுத்தவில்லை என்று அப்புறம்தான் கவனித்தேன். எல்லாம் சேர்ந்து சர்வருக்குப் போயிருக்கிறது. காலி பண்ணச் சொன்ன இடத்தில் இன்னும் அடைத்து வைக்கிறேன்.


12.9, வெள்ளி

வானம் வெளுத்துவிட்டது. காலையில் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. பூ வாங்கவில்லை, கால் பழக்கத்தில் பூக்காரம்மாவிடம் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

என் கிளிப்புகளை அவருடையதற்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன்.

கூசுது: லேசாக நடுங்குகிறது, துள்ளவில்லை. கெண்டை: அதே நடுக்கம். ஐஸ் உருகுது: அதே. சாப்பிட்டியா: அதே. எதிலும் சுவர் காணாமல் போகவில்லை. பேசினால் சுவர் அதிரும், அவ்வளவுதான். இத்தனை நாள் இந்த வேலை பார்த்து, எத்தனை கழுத்து பார்த்து, எனக்கு இது தெரியாதா? தெரியும். அவர் கிளிப்பில் மட்டும் பார்க்கவில்லை. கோபத்தில் ‘பேச்சு’ என்று குறித்ததை அதற்கப்புறம் திறந்து சரிபார்க்கவே இல்லை.

கடைசிக் கிளிப்பை ஓட்டினேன். நான் ஒன்றும் சொல்லாமல் கிடந்த கிளிப்.

துள்ளியது. மேலே போய், சுவர் காணாமல் போய், திரும்ப வந்து, மறுபடி. அப்படியே அவருடையது. இரண்டிலும் மாடலின் கோடு அதே தசையில் போய் ஏறியது.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, அக்கா வந்துவிடுவார் என்று, அழுகையை முழுங்கிக்கொண்டிருந்தேன். தொண்டையில் வர வர உள்ளே தள்ளினேன்.

சாரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நேரே சென்டர். பாக்கியம் அக்கா வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் டோக்கனை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். அன்றைக்கு அவர் என்ன பேசினார் அக்கா என்று கேட்டேன். அக்கா ஜெல் பாட்டிலை எடுத்துத் துடைத்தார்.

“அவரு பேசல தங்கச்சி. நான் அங்கிட்டு நின்னேன்ல, மொகம் எம்பக்கந்தான் இருந்துச்சு. நீ மிஷின்ல சத்தம் வச்சியே, டப்பு டப்புன்னு, அது கேட்டதுந்தான். கண்ணு ரெண்டும் ஒழுகுது. ஒதட்டக் கடிச்சுக்கிட்டு முழுங்கி முழுங்கிப் பாக்குறாரு. நீ பேசாதீங்கன்னு அதட்டுன. அவரு என்னயப் பாத்து வெரல ஒதட்டுல வச்சாரு. ஒங்கிட்ட சொல்ல வேணான்னு.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கேட்டுக்கிட்ட மனுசன் போயிட்டாரே. எந்த வாயால சொல்லுவேன்.”

டப்பு டப்பு. எனக்கு அது குழாயின் இடம் காட்டுகிற சத்தம். அவருக்கு, அதற்கு முந்தின வாரம் இன்னொரு ரூமில் வராமல் போன சத்தம். தன் கழுத்திலிருந்து வருகிறது, பிள்ளைக்கு வரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அழுகையைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவர் தெரியாத இடத்தில் மாடல் கோடு போடுகிறது என்று திட்டுகிறோம், நானும் அதைத்தான் செய்தேன்.

செ. ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு முழுங்கினோம்.

சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.


13.9, சனி

மூட்டம். காலையில் சீக்கிரமே காலேஜ். வாட்ச்மேன் வந்து கதவு திறந்தார்.

சாரிடம் கேட்டால் வைத்துக்கொள்ளச் சொல்வார். சுவர் தெரியாத இடத்தில் நிற்கப் பழக்க இப்படி ஒரு கிளிப் உதவும்தான். பின்னால் ஏதாவது மீட்டிங்கில் ஸ்லைடு போடுவார்கள், பெரிதாக, சிவப்பு அம்புக்குறி வைத்து. அவர் உதட்டில் விரலை வைத்தது அதற்காக இல்லை.

ஒரு தடவை முழுதாகப் பார்த்தேன். அப்புறம் லேபிளைத் திறந்து ‘பேச்சு’ எடுத்தேன். ‘விழுங்கல்’ போட்டேன். அழிக்கப் போகிற கிளிப்புக்கு லேபிள் திருத்துகிறவள் நானாகத்தான் இருப்பேன். சேமிக்கவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். அழிக்கவா என்று கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். ஆமாம்.

என் கிளிப்புகளையும் சேர்த்துத்தான். சர்வரில் இடம் கிடைத்துவிட்டது சார் என்று மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் அனுப்பினார்.

அங்கிருந்தே அறந்தாங்கி பஸ். லாரி நின்ற இடம் வந்தபோது எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்றைக்குப் பார்த்தேன். ஒரு இளநீர்க் கடை வந்திருக்கிறது.

அறந்தாங்கியில் மாறி கட்டுமாவடி. அத்தை பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார், கையெல்லாம் செதில். “என்னாத்தா, சொல்லாம கொள்ளாம?” என்றார். பையைக் கூட வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது எப்படி எப்படியோ சொல்ல யோசித்து வைத்தது எதுவும் நினைவில்லை.

“அத்தே, நான் அன்னைக்கு அடுப்படியில சொன்னது தப்பு. அவரு அழுதாரு. பிள்ளைக்காக அழுதாரு. நான் எடுத்த ஸ்கேன்லயே இருந்துச்சு, எனக்குத்தான் தெரியல.”

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். பூனை வந்து மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது, விரட்டவில்லை.

“கழுத்துலயாத்தா தெரிஞ்சுச்சு?”

“ஆமாத்தே.”

“எந்தப் பக்கம்?”

வலது பக்கம் என்றேன். கையைக் கழுவாமலேயே தன் கழுத்தில் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.